ஊரை விட்டவனுக்கே ஊர்ப்பெயர்

அன்புள்ள முருகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. நான் இரண்டு மாதமாக மும்பையில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். தரையில் ஒரு பொருளை வைக்க முடிவதில்லை.

ஓப்பன்ஹைமர் என்ற யூதக் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தாய். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் ஓப்பன்ஹைம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் என்பதுதான் பொருள். ஆனால் யோசித்துப் பார், ஓப்பன்ஹைமிலேயே இருப்பவனை யார் அப்படிக் கூப்பிடுவார்கள்? அங்கே எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள்தானே! வேறு ஊரில் போய்க் குடியேறியவனைத்தான் அப்படி அழைப்பார்கள். ஷபிரோ என்ற யூதப் பெயர் ஜெர்மனியின் ஸ்பெயர் நகரத்திலிருந்து வந்தது என்பார்கள். 1435-இல் அந்த நகரம் யூதர்களை வெளியேற்றியது. துரத்திய ஊரின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று மனசு கனத்துப்போய்விட்டது.

முன்பெல்லாம் யூதர்களில் பலருக்குத் தகப்பன் பெயரே போதும். வரிக்கும் படைக்கு ஆளெடுக்கவும் கணக்கு வேண்டும் என்றுதான் அரசுகள் நிலையான குடும்பப் பெயர் கேட்டன. ஆஸ்திரியாவில் 1787, தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் 1813. நடுவில் 1808-இல் நெப்போலியன் போட்ட ஆணை விசித்திரமானது: புதிதாகப் பெயர் எடுக்கும் யூதர்கள் நகரத்தின் பெயரை வைக்கக் கூடாது, ஏற்கெனவே அப்படி அறியப்பட்டவர்கள் வைத்துக்கொள்ளலாம். பவேரியாவில் அந்தத் தடை இல்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹென்றி கிஸிங்கரின் முன்னோர் ஒருவர் 1817-இல் பாட் கிஸிங்கன் ஊரைத் தன் பெயராக்கிக்கொண்டார்.

சரி, இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது இங்கே பக்கத்திலேயே இருக்கும் ஒரு விஷயம். போன வாரம் படகில் கடலைத் தாண்டி அலிபாக் போனேன். அங்கே 'இஸ்ரேல் ஆளி' என்றே ஒரு தெரு இருக்கிறது. ஆளி என்றால் மராத்தியில் தெரு. அதில் ஒரு யூத ஆலயம். கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களுடையது. கப்பல் உடைந்து நவ்காவ் கரையில் ஒதுங்கியவர்களின் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தார்கள்.

அவர்கள் பெயர்களைக் கேள்: நவ்காவ்கர், கெஹிம்கர், ரோஹேகர், பேண்கர். கிஹிம், ரோஹா, பேண் எல்லாம் இந்தப் பக்கத்து ஊர்கள். பிள்ளையார் சிலைக்குப் பேர்போன அதே பேண்தான்! மங்கேஷி ஊர்க்காரர் மங்கேஷ்கர் ஆவதுபோலவே, மராத்தி வழக்கப்படி 'கர்' சேர்த்துக்கொண்டார்கள். யாரும் துரத்தவில்லை, யாரும் ஆணை போடவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறது.

அப்புறம் பிழைப்புக்காகப் பம்பாய் வந்தார்கள். அவர்களில் சாமுவேல் திவேகர் என்பவர் ஆங்கிலேயரின் படையில் இருந்தவர். திப்புவிடம் சிறைப்பட்டு உயிரோடு திரும்பியதற்கு நன்றியாக 1796-இல் ஓர் ஆலயம் கட்டினாராம். மஸ்ஜித் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. பம்பாயின் முதல் யூத ஆலயம் அது. கட்டியவரின் பெயரில் இருப்பதோ திவே என்ற கொங்கணத்துச் சிற்றூர்.

1948-இல் இஸ்ரேல் நாடு உருவான பிறகு பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். கிஹிமைப் பார்த்தே இராத பிள்ளைகளும் அங்கே கெஹிம்கராக இருப்பார்கள்.

மழை தொடங்கிவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வருகிறாயா? நவ்காவில் அவர்களுடைய பழைய கல்லறைகள் இருக்கின்றன. நான் இன்னும் போகவில்லை, உனக்காக வைத்திருக்கிறேன். தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா. டிக்கெட் எடுத்ததும் எழுது.

அன்புடன்,
செல்வம்