விருந்தாளிகள் உள்ளே, வீட்டுக்காரர் வெளியே

கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஹியூபர்ட் சம்லின் 2005-இல் வெளியிட்ட 'அபௌட் தெம் ஷூஸ்' ஆல்பத்தில் யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். கீத் ரிச்சர்ட்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு 1989-லேயே உங்கள் கௌரவப் பட்டியலில் சேர்ந்தவர். எரிக் கிளாப்டனை மூன்று முறை சேர்த்திருக்கிறீர்கள். டிரம்ஸ் லெவன் ஹெல்ம், தி பேண்ட் குழுவோடு 1994-இல் வந்தவர். பாட்டுகளில் பெரும்பாலானவை மடி வாட்டர்ஸ் பாடிப் புகழ்பெற்றவை, அவர் 1987-இலேயே உள்ளே. இத்தனை பேரையும் கூட்டி வைத்து வாசித்த மனிதர் மட்டும் உங்கள் பட்டியலில் இல்லை!

ப்ளூஸ் பாடகர் ஹௌலிங் உல்ஃபை 1991-இல் சேர்த்தீர்கள், சரி. ஆனால் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் 1976-இல் உல்ஃப் சாகும்வரை பெரும்பாலும் நின்றது சம்லினின் கிட்டார்தானே? இடையில் கொஞ்ச காலம் மடி வாட்டர்ஸிடம் போய்விட்டு உல்ஃபிடமே திரும்பியவர். பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலால் வாசி என்று உல்ஃப் அவரை வீட்டுக்குத் துரத்திய கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வெறும் விரலுக்கு மாறிய பிறகுதான், எங்கிருந்தோ பாய்ந்து வந்து, வழுக்கி இறங்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் சட்டென்று நின்றுவிடும் அந்த வாசிப்பு வந்தது. 1964-இல் வந்த உல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்' கேளுங்கள். 1967 மான்டரே இசை விழாவில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கச்சேரியைத் தொடங்கியது அந்தப் பாட்டில்தான், லெட் ஸெப்பெலின் குழு 'லெமன் சாங்' செய்ததும் அதிலிருந்துதான். (ஹென்ட்ரிக்ஸ், ஸெப்பெலின் இருவரும் உங்களிடம் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.)

தன் பேரில் வரும் ஆல்பம் என்றால் வேறு யாராக இருந்தாலும் நீள நீளமாக சோலோ வாசித்துத் தீர்த்திருப்பார்கள். இவரோ 'அபௌட் தெம் ஷூஸ்' ஆல்பத்தில் கிளாப்டன் 'ஐயம் ரெடி' பாடும்போதும் கீத் 'ஸ்டில் எ ஃபூல்' பாடும்போதும் உல்ஃபுக்கு வாசித்த மாதிரியே, வரிகளுக்கு நடுவில் இரண்டு சுரம் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், தானே பாடுவது கடைசிப் பாட்டில் மட்டும்தான். இதனால் ஆல்பம் சில இடங்களில் விருந்தாளிகளின் ஆல்பம் போல ஆகிவிடுகிறது என்பது உண்மைதான், எனக்கும் அதில் குறை உண்டு. ஆனால் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று 2000-இல் நீங்களே ஒரு பிரிவு தொடங்கினீர்களே, அது இப்படிப்பட்டவர்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

பெயரைத்தான் பிறகு இசைச் சிறப்புக்கான விருது என்று மாற்றிவிட்டீர்கள், பிரிவு அப்படியே இருக்கிறது. சக் பெரிக்குப் பியானோ வாசித்த ஜானி ஜான்சன் அதன் வழியாகத்தான் 2001-இல் வந்தார், எல்விஸுக்கு வாசித்த ஸ்காட்டி மூர் அதற்கு முந்தைய ஆண்டு. சம்லின் 2011-இல் இறந்துவிட்டாரே என்று தயங்க வேண்டாம். அந்தப் பிரிவின் முதல் பட்டியலிலேயே கிங் கர்டிஸும் ஜேம்ஸ் ஜேமர்சனும் இருந்தார்கள், இருவரும் அப்போது உயிரோடு இல்லை.