வால் டூனிக்கன் பாடிய பிறர் பாடல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மேற்கத்திய மெல்லிசைப் பாடகர்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் அயர்லாந்துப் பாடகர் வால் டூனிக்கனுக்கு ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. அந்தப் பத்தியிலும், பிறர் பாடிய பாட்டுகளை நகலெடுத்தே பிழைத்தவர் என்று ஒரே வரியில் அவர் கணக்கைத் தீர்த்துவிட்டிருக்கிறார் கட்டுரையாளர். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

1974 இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றிருந்த நான், கில்பர்ன் பகுதியில் ஓர் அயர்லாந்து அம்மையாரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். சனிக்கிழமை இரவுகளில் குடியிருந்த எங்கள் மூவருக்கும் கீழே வந்து அவருடைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைப் பார்க்க அனுமதி உண்டு. பிபிசி நிகழ்ச்சியில் டூனிக்கன் தம் ஆடும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கிதாரை மீட்டத் தொடங்கினால், அம்மையாரின் பின்னல் ஊசிகள் மடியில் விழுந்துவிடும். பாட்டு முடியும்வரை யாரும் தேநீர் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம்.

கட்டுரையாளர் எடுத்துக்காட்டாகச் சொல்லும் 'எலூசிவ் பட்டர்ஃபிளை' (கைக்கு அகப்படாத பட்டாம்பூச்சி) பாட்டையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அதை எழுதி முதலில் பாடியவர் அமெரிக்கரான பாப் லிண்ட். 1966 இல் லிண்டின் இசைத்தட்டும் டூனிக்கனின் இசைத்தட்டும் பிரிட்டனில் ஒன்றோடொன்று போட்டியிட்டு விற்றன. இரண்டுமே விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை சென்றன. அசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே இத்தனை பேர் மற்றதையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றால், இரண்டையும் அவர்கள் வேறு வேறாகக் கேட்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அம்மையாரிடம் டூனிக்கனின் தட்டும், என் அடுத்த அறை நண்பரிடம் லிண்டின் தட்டும் இருந்ததால், ஒரு மழைநாளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். லிண்ட் பாடும்போது வயலின்கள் சூழ்ந்துகொள்ள, பட்டாம்பூச்சியைத் துரத்துபவனுக்கு மூச்சு வாங்குவது நமக்கே கேட்கிறது. டூனிக்கன் துரத்தவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து அது பறந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் போல ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக இறக்கி வைக்கிறார். எது சிறந்தது என்று அன்று தொடங்கிய சண்டை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் நீடித்தது.

நகலெடுத்துப் பிழைத்தவர் என்ற சொல்லில் ஏதோ திருட்டு நடந்ததைப் போன்ற தொனி இருக்கிறது. பிரிட்டனில் அப்போது நடைமுறையில் இருந்த 1956 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்ட பாட்டை வேறு எவரும் முறைப்படி அறிவித்துவிட்டுப் பதிவு செய்யலாம். அதற்கு ஈடாக விற்பனை விலையில் 6.25 விழுக்காட்டைப் பாட்டின் உரிமையாளருக்குச் செலுத்த வேண்டும். பாடகர் யாராக இருந்தாலும், தட்டு விற்க விற்க எழுதியவரின் பக்கத்துக்கும் பணம் போய்க்கொண்டிருந்தது. டீன் மார்ட்டின் 1956 இல் பிரிட்டனில் முதலிடம் பிடிக்கச் செய்த 'மெமரீஸ் ஆர் மேட் ஆஃப் திஸ்' பாட்டை, பதினோரு ஆண்டுகள் கழித்து டூனிக்கன் மீண்டும் பாடியபோது அதை எழுதிய மூவரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அவர் பாடியவை எல்லாமே நன்றாக அமைந்தன என்று நான் வாதாட வரவில்லை. துயரப் பாட்டுகளில் அவருடைய குரலின் இதமே அவருக்கு எதிராகப் போய்விடுகிறது. 1964 இல் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன 'வாக் டால்', தாய் சொல்லைக் கேட்காமல் சிறைக்குப் போன மகன் பாடும் பாட்டு. டூனிக்கன் பாடிக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பையன் என்று தோன்றுமே தவிர, சிறைக்கம்பி கண்ணில் தெரியாது. கட்டுரையாளர் இந்தக் குறையைச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால், பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்' பாட்டுத் தொகுப்பு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோது, 1967 முடிந்து 1968 பிறந்த நாட்களில், அதைக் கீழே இறக்கிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தது இந்த நாற்காலிக்காரரின் தொகுப்புத்தான் என்பதை ஒரு சொல்லாலும் குறிப்பிடாமல் விட்டது நியாயமா? அந்தத் தொகுப்பின் பெயரே, ராக் இசையையும் ஆடும் நாற்காலியையும் ஒருசேரக் கேலி செய்யும் 'ராக்ஸ், பட் ஜென்ட்லி' (ஆடுகிறார், ஆனால் மென்மையாக)!

இனி இரண்டு திருத்தங்கள். டூனிக்கன் பிறந்தது கட்டுரையில் உள்ளதுபோல் டப்ளினில் அன்று. 1927 பிப்ரவரி 3 அன்று, எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டியாக, வாட்டர்ஃபோர்டு நகரில் பிறந்தார். அடுத்து, 'பேடி மக்கின்டீஸ் கோட்' (பேடி மக்கின்டியின் ஆடு) என்ற நகைச்சுவைப் பாட்டு அயர்லாந்தின் பழைய நாட்டுப்பாடல் என்று எழுதியிருப்பதும் பிழை. அது 1917 இல் வெஸ்டன், பெர்ட் லீ என்ற ஆங்கிலேயர்கள் வேறு சிலரோடு சேர்ந்து இசையரங்கு மேடைகளுக்காக எழுதிய பாட்டு. எங்கள் அம்மையாருக்கு இது நன்றாகவே தெரியும். "எங்கள் ஊர் ஆடு இல்லை அது, லண்டன் ஆடு" என்று முகத்தைச் சுளிப்பார். சுளித்தபடியே காலால் தாளமும் போடுவார்.

தொடரின் அடுத்த பகுதியிலாவது ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயருடன் எழுதியவர் பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். நான் ஊர் திரும்பும் நாளில் அம்மையார் என் கையில் கொடுத்தனுப்பிய அந்த 'எலூசிவ் பட்டர்ஃபிளை' தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டுரையாளர் விரும்பினால் படமெடுத்து அனுப்புகிறேன். நடுவில் ஒட்டிய தாளின் ஓரம் தேய்ந்துவிட்டாலும், பாட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள லிண்டின் பெயரை இப்போதும் படிக்க முடிகிறது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை