கிழிவும் விலகலும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வட்டை வரம்பில் கால் புரண்ட நாளிலிருந்து குந்தி எழும்பும்போதெல்லாம் முழங்காலின் உட்புறம் குத்துகிறது என்றும், எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சவ்வு கிழிந்திருப்பதாக வந்ததால் சத்திரசிகிச்சைக்குப் போவதா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். என் பெறாமகனுக்கும் அதே இடத்தில்தான் வருத்தம்; ஆனால் அவனுடையது வேறு சங்கதி.

தொடையெலும்புக்கும் கணைக்காலெலும்புக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் உண்டு; உன் அறிக்கை சவ்வு என்பதும், வைத்தியர்கள் மெனிஸ்கஸ் என்பதும் இவற்றைத்தான். உட்புறத் தட்டு பக்கத்து நாரோடு இறுகப் பிணைந்திருப்பதால் அதிகம் நகராது; ஊன்றிய காலின் மேல் உடம்பு திரும்பும்போது பெரும்பாலும் அதுவே கிழிகிறது. கிழிந்த பகுதி தன் இடத்திலேயே கிடந்தால் வலியோடு நடமாடலாம். நீளவாக்கில் கிழிந்த துண்டு, வாளியின் கைபிடி புரள்வதுபோல், மூட்டின் நடுப்பள்ளத்துக்குள் புரண்டு விழுந்தால் முழங்கால் பூட்டிக்கொள்ளும்.

பந்தடிக்கப் போன என் பெறாமகனுக்கு நடந்தது அதுதான். வைத்தியர் அவனைக் குப்புறப் படுக்கவைத்துப் பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே விடச் சொன்னார். ஒரு குதிகால் மற்றதைவிட இரண்டு விரற்கடை உயர்ந்தே நின்றது. மடக்க முடிந்தது, நீட்ட முடியவில்லை. (எண்ணெய் போட்டு இழுத்து நிமிர்த்தலாம் என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது, நல்லவேளை, நான் விடவில்லை.) எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தில், மூட்டின் நடுவே இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் பின்புறக் குறுக்கு நாருக்குக் கீழே, அதற்கு இணையாக இன்னொரு கறுத்த பட்டி ஓடியது; இடம்விட்டுப் போன துண்டு அதுவே. தட்டின் வெளிவிளிம்புக்கு இரத்த ஓட்டம் இருப்பதால் அங்கே கிழிந்தால் தைத்துப் பொருத்த இடமுண்டு, தாமதிக்கக் கூடாது என்றார்.

உன் கால் முழுதாக நீள்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நம் வயதில் கிழிவு என்ற சொல்லை மட்டும் கண்டு கலங்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 வயது கடந்தவர்களின் முழங்கால்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கிழிவு காணப்பட்டவர்களுள் 61 சதவீதத்தினருக்கு முந்திய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இருந்ததில்லை. ஆகவே படம் சொல்வதும் கால் சொல்வதும் பொருந்த வேண்டும். மூட்டிடுக்கில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்களா? மக்மறே சோதனை செய்தார்களா, அதாவது முழங்காலை நன்றாக மடக்கிப் பாதத்தைத் திருப்பியபடி மெல்ல நீட்டி, வலியோடு சொடுக்கு விழுகிறதா என்று பார்த்தார்களா? இதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அந்தச் சோதனையில் ஒன்றும் படாவிட்டாலும் கிழிவு இல்லையென்று ஆகிவிடாது. ஆனாலும் கை வைத்துப் பார்க்காத மூட்டுக்குக் கத்தி வைக்க நான் சம்மதியேன்.

அடுத்த கிளினிக்கில் நின்றபடி ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேள். மூட்டுத் தேய்மானம் இருந்தால் இடைவெளி குறுகியிருப்பது அதில் தெரியும். அதுவரை குந்துவதை நிறுத்தி, தொடைத் தசைக்கான பயிற்சியைச் செய். இடையில் கால் நீளாமல் பூட்டிக்கொண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போ.

அன்புடன்,
உன் பழைய நண்பன்