செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

எமது தமிழ்ப் பெற்றோர் சங்கத்தின் 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையான செயற்பாடுகளை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, வாணிவிழா ஆகியவை வழக்கமான மண்டபங்களில் வழக்கமான செலவில் நடந்தேறின. அவற்றைப் பற்றிச் சென்ற ஆண்டு எழுதியதையே இந்த ஆண்டும் எழுதலாம் என்பதால் எழுதாமல் விடுகிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு இரண்டு கூட்டங்களில் விவாதித்ததும், உறுப்பினர்களிடமிருந்து கடிதங்கள் வந்ததும், பிள்ளைகள் இன்றும் பேசிக்கொண்டிருப்பதும் ஏப்ரல் மாதத்துக் குடும்ப நாளைப் பற்றியே ஆகையால், இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதற்கே உரியது.

கடந்த சில ஆண்டுகளாகக் குடும்ப நாள் என்றால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள வில்ஹெல்மா விலங்குக்காட்சிச் சாலை என்று ஆகிவிட்டது. அங்குள்ள கொரில்லாக்களுக்கு எங்கள் பிள்ளைகளின் முகம் பழகிப்போயிருக்கும் என்று ஓர் உறுப்பினர் சொன்னதை நான் மறுக்கவில்லை. இம்முறை ஸ்டுட்கார்ட் சர்வதேச அசைவூட்டப்பட (அனிமேஷன்) விழாவுக்குப் போகலாம் என்ற முன்மொழிவு வந்தபோது, அதற்காக ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட வேண்டியிருக்கும் என்பதே பெரிய தடையாக நின்றது. பொம்மைப் படம் பார்ப்பதற்காகப் பாடத்தை நிறுத்துவதா என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார்; கேள்வி நியாயமானது. 1982இல் தொடங்கிய இவ்விழா அசைவூட்டப்படத் துறையின் முக்கிய விழாக்களில் ஒன்று என்பதும், கொரோனா காலத்தில் 2020இல் இணையத்திலேயே நடந்தது என்பதும், 31ஆவது விழா ஏப்ரல் 23 முதல் 28 வரை நடக்கவிருக்கிறது என்பதும் செயற்குழுவுக்கு எடுத்துரைக்கப்பட்டன. அவற்றால் எவருடைய மனமும் மாறியதாகத் தெரியவில்லை. அரண்மனைச் சதுக்கத்துப் புல்வெளியில் பெரிய திரை நிறுத்திக் காட்டும் படங்களுக்குக் கட்டணம் கிடையாது என்று சொல்லப்பட்டதும் பொருளாளர் கையை உயர்த்தினார். ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது.

ஏப்ரல் 27, சனிக்கிழமை, 23 குடும்பங்களைச் சேர்ந்த 78 பேர் புறப்பட்டோம். ஐந்து பேர்வரை ஒன்றாகப் பயணம் செய்யக்கூடிய குழு நாள்பயணச் சீட்டுகளை எந்தெந்தக் குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது என்ற பட்டியலை இரண்டு பேர் தனித்தனியே தயாரித்திருந்தனர். யாழ்ப்பாணத்தார் ரிக்கற் என்றும் கோயம்புத்தூரார் டிக்கெட் என்றும் எழுதிய அவ்விரு பட்டியல்களும் ஒரே தொகையைக் காட்டின என்பதை, சங்கத்தின் வரலாற்றில் அரிதான நிகழ்வு என்ற வகையில், பதிவு செய்கிறேன். தலைமை ரயில் நிலையத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் கட்டுமானப் பணியால் நடைமேடையிலிருந்து நகருக்குள் செல்லும் வழி நீண்டு வளைந்து போகிறது. குழந்தை வண்டிகளையும் முதியவர்களையும் அவ்வழியே அழைத்துவர எடுத்த நேரத்தை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. அதே வாரங்களில் கான்ஸ்டாட் திடலில் வசந்த விழாவும் நடந்துகொண்டிருந்ததால் ரயில்களில் அவ்விழாவுக்கெனப் பாரம்பரியத் தோல் காற்சட்டை அணிந்து போவோர் நிறைந்திருந்தனர். எஸ்லிங்கனிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கூட்டத்தோடு கூட்டமாக பாட் கான்ஸ்டாட்டில் இறங்கிவிட்டு, நாற்பது நிமிடம் கழித்து எங்களை வந்தடைந்தது.

அந்த வாரத் தொடக்கத்தில் உறைபனி விழுந்திருந்தமையால் பலர் வர மறுப்பார்கள் என்று அஞ்சினோம். சனிக்கிழமை வெயில் எறித்தது. சதுக்கத்திலுள்ள ஜூபிலித் தூணுக்கு அருகே பாய்களையும் கம்பளங்களையும் விரித்து, கொண்டுவந்த புளிச்சாதத்தையும் கட்லட்டையும் பரப்பியபின், பத்து மணி வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

இனிச் சொல்வதை ஓரளவு விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அசைவூட்டக் குறும்படங்களில் பல, பேச்சே இல்லாதவை. நாடு நாடாக விழாக்களுக்கு அனுப்பப்படும் படத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் குரல் கொடுக்கச் சிறு தயாரிப்பாளர்களிடம் பணமில்லை என்பது ஒரு காரணம். வரைந்த உருவத்தின் தோள் சரிவதிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட முடியும் என்பது இன்னொன்று. எமது குடும்பங்களில் அம்மம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது, பேரப்பிள்ளைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், திரையரங்குக்குப் போனால் ஒருவருக்கு மற்றவர் மொழிபெயர்ப்பாளராக உட்கார வேண்டும் அல்லது அம்மம்மா வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். அன்று புல்வெளியில் அப்படி எதுவும் தேவைப்படவில்லை. எழுபத்தெட்டு வயதான உறுப்பினர் ஒருவர், திரையில் இருந்த உருவம் ஏன் திரும்பிப் போகிறது என்பதைத் தம் பேரனுக்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்னார். பேரன் இல்லை என்றான். இருவரும் அதைப் பற்றி இரண்டு படம் முடியும்வரை தமிழில் வாதாடினார்கள். வகுப்பில் ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதிலளிக்கும் பிள்ளை அவன் என்பதை ஆசிரியர் என்னிடம் தாமாகவே வந்து சொன்னார். எதிர்த்து வாக்களித்தவர்களுள் அவரும் ஒருவர்.

1980களில் இந்நகருக்கு வந்த தந்தையர் சிலருக்கு இவ்விழா வேறொன்றை நினைவூட்டியது. தென் ஜெர்மன் வானொலி நிறுவனத்தின் தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்கு இடையே வரும் கார்ட்டூன் குரங்கும் குதிரையுமான ஏஃப்லெயும் ஃபெர்ட்லெயும் இப்பகுதியின் சுவேபிய வட்டார வழக்கில்தான் பேசும். குதிரை 1960இலும் குரங்கு 1963இலும் திரைக்கு வந்தவை. அகதி முகாம் அறையில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில் அவற்றைக் கேட்டுக் கேட்டே தாம் மொழி கற்றதாகவும், பின்னர் வேலைத்தலத்தில் தம் பேச்சைக் கேட்ட மேற்பார்வையாளர் சிரித்ததன் காரணம் பல மாதங்களுக்குப் பிறகே புரிந்ததாகவும் ஓர் உறுப்பினர் கூறினார்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். சிறுவர் படங்களுக்கான போட்டிப் பிரிவு திரையரங்குக்குள் நடைபெறுவது. அதற்கான பரிசைச் சிறுவர்களே அமைந்த நடுவர் குழு முடிவு செய்கிறது. எமது பெரிய பிள்ளைகள் மிகவும் எதிர்பார்த்தது அதைத்தான். புல்வெளிக்கு முன்பதிவு வேண்டாம் என்றிருந்ததால் அரங்குக்கும் வேண்டாம் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். 26 பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒன்பது இருக்கை. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். உள்ளே போகாத பதினேழு பேரில் எவரும் அதை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது குறை முழுக்க என்னுடையது. அசைவூட்டப்பட விழா என்றால் சிறுவர் விழா என்ற எண்ணம் எங்களில் பலருக்கு இருந்தது. உண்மையில் இவ்விழாவின் முதன்மையான சர்வதேசப் போட்டி பெரியவர்களுக்குரியது; போரையும் உடலையும் மரணத்தையும் பேசும் படங்கள் அதில் இடம்பெறும். நிகழ்ச்சி நிரலை அவசரமாகப் படித்த நான், அரங்கில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தை அந்தத் தொகுப்பொன்றுக்கு அனுப்பிவைத்தேன். அவர்கள் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை என்று தாயார் அறியத்தந்தார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கும் கேட்கிறேன். வயது வரம்பு நிரலிலேயே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது.

குடும்ப நாளின் தொடர்ச்சியாக நடந்தவற்றுக்குச் செயற்குழு முன்கூட்டியே திட்டமிடவில்லை. புல்வெளியில் பேச்சு நிழலுருவப் படங்களின் பக்கம் திரும்பியபோது, நாகர்கோவிலைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் தம் ஊர்ப்பக்கத்துத் தோல்பாவைக்கூத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டி, கைகால்களைத் தனித்தனியாகக் கோத்து, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டுவதை அவர் விவரித்தபோது பிள்ளைகள் திரையை விட்டு அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, ஒவ்வோர் அசைவாகப் படமெடுத்த லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண்மணியைப் பற்றி எமது இளையோர் பொறுப்பாளர் அப்போது சொன்னார். 1926இல் வெளியான அவருடைய இளவரசர் அக்மத் படமே இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய முழுநீள அசைவூட்டப்படம். அவர் தம் கடைசி நாள்களைக் கழித்து 1981இல் மறைந்த டெட்டன்ஹவுசன், இங்கிருந்து தொலைவில் இல்லை. டூபிங்கன் நகர அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புலகுக்கென நிரந்தரக் காட்சி இருக்கிறது. இலையுதிர்கால விடுமுறையில் பதினான்கு பேர் அங்கே போய்வந்தார்கள். உள்ளங்கை அளவேயான அந்த உருவங்களின் விரல்கள் எவ்வளவு நுணுக்கமாக வெட்டப்பட்டிருக்கின்றன என்று பிள்ளைகள் சொன்னதைவிட, நாகர்கோவில் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்ததே எனக்கு நினைவில் நிற்கிறது.

அதன்பின் நவம்பர் முதல் ஆறு சனிக்கிழமைகள், வகுப்பின் கடைசி முக்கால் மணி நேரத்தில், மேல் வகுப்புப் பிள்ளைகள் காகமும் நரியும் கதையை நிழலுருவப் படமாக்கினார்கள். விநாடிக்கு 12 படம் என்று கொண்டால் 40 விநாடிக்கு 480 படம். அதைப் பலகையில் பெருக்கிப் பார்த்தபோது இரண்டு பேர் விலக விரும்பினார்கள், பிறகு விலகவில்லை. நரியின் வால் மூட்டு மூன்று முறை அறுந்தது. வடையை வாயிலிருந்து விழச்செய்யப் பதினொரு படம் போதுமா என்று நடந்த விவாதம் அரைமணி நேரம் எடுத்தது. உரையாடலைப் பிள்ளைகளே எழுதினர். நரியின் புகழ்ச்சியை எழுத அமர்ந்த ஒரு மாணவி ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டதால் அதில் முக்கால்வாசியை வெட்ட வேண்டியதாயிற்று. ஜெர்மன் மொழியில் இத்தகைய படத்துக்கு ட்ரிக்ஃபில்ம் என்று பெயர் இருப்பதைச் சுட்டி, ட்ரிக் செய்வது நரிதான், நாங்கள் படம் மட்டும்தான் எடுத்தோம் என்று ஒரு சிறுவன் டிசம்பர் ஒன்றுகூடலில் அறிமுகவுரை ஆற்றினான். படம் திரையிடப்பட்டது, 40 விநாடியில் முடிந்துவிட்டதால் மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார்கள்.

இம்முழு முயற்சிக்கும் சங்க நிதியிலிருந்து செலவானது 214 யூரோ. இதில் அட்டை, விளக்கு, கைப்பேசித் தாங்கி ஆகியவை அடங்கும். அவை அடுத்த ஆண்டுக்கும் பயன்படும். பயணச்சீட்டையும் உணவையும் குடும்பங்களே ஏற்றன.

வகுப்பு விடப்பட்டதை ஆட்சேபித்து இரு பெற்றோர் எழுதிய கடிதங்கள் கோப்பில் உள்ளன. முன்கூட்டி மாற்று வகுப்பு அறிவித்திருக்க வேண்டும் என்ற அவர்களது கருத்து சரியே; அவ்வாறு அறிவிக்காதது செயற்குழுவின் தவறு. ஆனால் அந்த நாள் வீணானது என்று அக்கடிதங்கள் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று புல்வெளியில் இருந்த ஆசிரியரும் அதை ஏற்கமாட்டார் என்று அவருடைய அனுமதியுடன் இங்கே குறிப்பிடுகிறேன்.

32ஆவது விழா 2025 மே 6 முதல் 11 வரை நடைபெறவுள்ளது. இவ்வருடக் குடும்ப நாளை மே 10, சனிக்கிழமை வைப்பதென்றும், அன்றைய வகுப்பை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றுவதென்றும், சிறுவர் போட்டிப் பிரிவுக்கான இருக்கைகளை விற்பனை தொடங்கும் நாளிலேயே பதிவு செய்வதென்றும், சென்ற முறை உள்ளே போகாத பதினேழு பேருக்கு முதல் இடம் அளிப்பதென்றும் செயற்குழு முன்மொழிகிறது. மறுநாள் அன்னையர் தினம் என்பதால் சமையல் பொறுப்பைத் தந்தையர் ஏற்க வேண்டும் என்ற திருத்தமும் வந்துள்ளது. அது தனி வாக்கெடுப்புக்கு விடப்படும்.

நிகழ்ச்சி நிரலையும் அதிலுள்ள வயது வரம்புகளையும் படித்துக் குடும்பங்களுக்கு வழிகாட்ட ஒருவர் தேவை. அவர் செயலாளராக இருக்கலாகாது என்பதைச் செயலாளரே கேட்டுக்கொள்கிறார். முன்வருபவர் இக்கூட்டம் முடிவதற்குள் தம் பெயரைப் பொருளாளரிடம் தருக.

செயலாளர்
ஸ்டுட்கார்ட், ஜனவரி 2025