மரபணு காட்டும் உறவும் கண் காணும் உருவமும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தபோது நான் உலர்மாதிரிப் பெட்டிகளின் பெயர்ச்சீட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய பெயர்களில் பல இன்று செல்லாமல் போய்விட்டதால் அந்த வேலை இன்னும் முடியவில்லை. டி.என்.ஏ. வரிசையைப் படித்தாலே பூஞ்சையின் இனம் தெரிந்துவிடும்போது, ஸ்போரை (பூஞ்சையின் வித்துத்துகளை) அளந்து, படம் வரைந்து, காளானை உலர்த்திப் பாதுகாப்பது எதற்கு என்று உங்கள் மாணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ‘இரண்டும் வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. இவற்றுள் எது எந்த இடத்தில் நம்பத்தக்கது என்பதை அவருக்கு விளக்குவதுதான் முறை.

ஸ்வீடனைச் சேர்ந்த பூஞ்சையியலாளர் எலியாஸ் ஃபிரீஸ் 1821-இல் வெளியிடத் தொடங்கிய வகைப்பாட்டில், குடையின் அடிப்புறத்தில் இருப்பவை செவுள்களா (மெல்லிய தகடுகளா), துளைகளா, பற்களா என்பதும், செவுளுடைய காளான்களில் ஸ்போர்த்தூளின் நிறம் என்ன என்பதும் முதன்மையான அடையாளங்களாக இருந்தன. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து அவர் அமைத்த அந்த ஒழுங்கு நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டது என்பதே அவருடைய கூர்மைக்குச் சான்று. ஆனால் ஓர் அடையாளம் கண்ணில் பளிச்சென்று படுவதாலேயே அது உறவைக் காட்டிவிடும் என்று கொள்வதற்கில்லை. இதற்குக் கோப்ரினஸைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதிர்ந்ததும் குடை தன்னைத்தானே செரித்துக் கறுப்பு மையாக ஒழுகும் காளான்களையெல்லாம் முன்பு கோப்ரினஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தோம். கறுப்பு ஸ்போர், மையாக உருகும் செவுள் என்று இரண்டு அடையாளங்கள் பொருந்தி வரும்போது ஐயப்பட யாருக்குத் தோன்றும்? 1990களில் ரைபோசோம் (செல்லில் புரதம் உருவாக்கும் அமைப்பு) மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், கோப்ரினஸ் கொமேட்டஸும் அதன் நெருங்கிய சில இனங்களும் அகாரிகஸ் குடும்பத்தில் சேர்கின்றன என்பதும், மற்றவை பெரும்பாலும் சதைரெல்லா என்ற வேறொரு பேரினத்தின் வகைகளோடு போகின்றன என்பதும் தெரிந்தன. அப்படியானால் மையாக உருகும் இயல்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. 2001-இல் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டபோது கோப்ரினெல்லஸ், கோப்ரினாப்சிஸ் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூஞ்சையியலாளர் கார்ஸ்டன் வைத்த பெயர்கள் மீண்டும் வழக்குக்கு வந்தன. பாரசோலா என்ற புதுப்பெயரும் சேர்ந்தது.

இதில் என் மனத்தைக் கவர்ந்தது பிறகு நடந்ததுதான். மரபணு வழியாக இந்தப் பிரிவு தெரிந்த பின் பழைய மாதிரிகளையே மறுபடி எடுத்துப் பார்த்தால், உருவமும் அதையே சொல்கிறது. கொமேட்டஸின் காம்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள்: உள்ளே குழாய்போன்ற வெற்றிடத்தில் வெள்ளை நூல் ஒன்று மேலிருந்து தொங்கும். காம்பைச் சுற்றியுள்ள வளையம் ஒட்டாமல் மேலும் கீழும் நகரும். கோப்ரினெல்லஸ் மைகேசியஸில் இவை இல்லை. இளங்குடையின்மேல் அப்பிரகத் துகள்போல் மினுங்கும் பொடியே அதன் அடையாளம். இவை முன்னும் கண்ணில் பட்டவைதான். எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை தருவது என்பதைத்தான் மரபணு தெளிவாக்கியது.

பந்துபோல் உருண்டு, ஸ்போரை உள்ளேயே முதிரவைக்கும் லைகோபெர்டான் போன்றவற்றின் கதையும் ஏறத்தாழ இதுவே. காஸ்டெரோமைசீட்ஸ் என்று தனி வகுப்பாக இருந்தவை, செவுளுடைய காளான்களின் வெவ்வேறு கிளைகளிலும் பிற கிளைகளிலும் சிதறிப் போயின. லைகோபெர்டான் அகாரிகஸின் உறவாகவே நிற்கிறது.

இனி மரபணுவின் எல்லைக்கு வருகிறேன். நாம் வழக்கமாகப் படிக்கும் ஐ.டி.எஸ். பகுதி ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே இருப்பது. 1990-இல் அதற்கான ப்ரைமர்கள் (அப்பகுதியைப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) வெளியாயின. 2012-இல் அது பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பகுதியாக முன்மொழியப்பட்டது. ஒவ்வொரு செல்லிலும் அதற்குப் பல நகல்கள் இருப்பதால் பழைய உலர்மாதிரியிலிருந்தும் அதைப் பெருக்க முடிகிறது. ஆயினும் 97 விழுக்காடு ஒத்திருந்தால் ஒரே சிற்றினம் என்ற வழக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஃப்யூசேரியம் என்னும் பூசணப் பேரினத்தில் வெவ்வேறு சிற்றினங்கள் ஐ.டி.எஸ். அளவில் பிரித்தறிய முடியாதபடி ஒன்றுபோல் இருப்பதால் டெஃப்1 மரபணுவையும், பெனிசீலியத்தில் பீட்டா-ட்யூபுலினையும், ஆஸ்பெர்ஜில்லஸில் கால்மோடுலினையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிடும்போது வருகிற பெயர், யாரோ ஒருவர் ஒரு மாதிரியைப் பார்த்து இட்ட பெயர். அவர் தவறாக இனங்கண்டிருந்தால் அந்தத் தவறு நம் முடிவிலும் வந்து சேரும். மூல மாதிரி பத்திரமாக இருந்தால் ஸ்போரை மறுபடி அளந்து திருத்தலாம். வரிசை மட்டும் இருந்தால் எதைக் கொண்டு சரிபார்ப்பது? புதிய சிற்றினத்துக்குப் பெயரிடுபவர் வெறும் டி.என்.ஏ. வரிசையை மட்டும் சுட்டிக்காட்டினால் பெயரிடல் விதிகள் ஏற்பதில்லை. அந்தக் கண்டிப்பு தேவை என்றே நான் நினைக்கிறேன். உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சையினங்கள் இருக்கலாம் என்று 2017-இல் மதிப்பிட்டார்கள். பெயர் பெற்றவை ஏறத்தாழ ஒன்றரை லட்சம்தான். மண்ணிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ.வில் பெயரில்லா வரிசைகள் குவிந்து கிடக்கும் இக்காலத்தில், உருவத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ஆகவே உங்கள் மாணவர் மாதிரி அனுப்பும்போது இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். புதிதாக இருக்கும்போதே குடையின் மேற்புறம், அடிப்புறம், காம்பின் அடி ஆகியவற்றைப் படம் எடுக்கட்டும். குடையைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளின்மேல் கவிழ்த்து வைத்தால் வெளிர்நிற ஸ்போரும் தப்பாமல் தெரியும். மணம், தொட்டால் நிறம் மாறுகிறதா, எந்த மரத்தடியில் கிடைத்தது என்பவற்றை அன்றே எழுதிவிட வேண்டும். உலர்ந்த பின் இவை கிடைக்கா. டி.என்.ஏ.வுக்கென ஒரு சிறு துண்டைத் தனியே எடுத்துவிட்டு, மீதியை மிதமான சூட்டில் உலர்த்தி, இரண்டுக்கும் ஒரே எண் இடட்டும். அவர் வரைந்த ஸ்போர்ப் படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வரிசைகள் கிடைத்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவருக்கே விரிவாக எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்