பிறந்த வாரக் கணக்கு பள்ளிப் பதிவிலும் இருக்கட்டும்

பினாங்கு மாநிலச் சுகாதார இலாகாவின் குடும்ப நலப் பிரிவினருக்கும் பள்ளிச் சுகாதாரக் குழுவினருக்கும்,

வணக்கம். பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் குறைமாதக் குழந்தைகளை வளர்த்துவரும் பெற்றோர் சிலர் சேர்ந்து இம்மடலை எழுதுகிறோம். எங்கள் வேண்டுகோள் இதுதான்: குழந்தை கருவில் எத்தனை வாரம் இருந்தது என்ற விவரம், ஆறு வயது வரைக்குமான கிளினிக் புத்தகத்தோடு நின்றுவிடாமல், முதலாம் ஆண்டுப் பள்ளிச் சுகாதாரப் பதிவிலும் இடம்பெற வேண்டும், 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறையாவது இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும்.

மூச்சு, விழித்திரை, செவிப்புலன் ஆகியவற்றைத் தாதியரும் மருத்துவர்களும் எவ்வளவு கவனமாகத் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்பதை நாங்கள் அறிவோம், அதற்கு நன்றியுடையோம். ஆனால் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறு வலியோ காய்ச்சலோ காட்டி வருவதில்லை. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் பெரும்பாலும் கருவின் கடைசி மூன்று மாதங்களில், ஏறத்தாழ 36ஆம் வாரம் வரை உருவாகின்றன. முன்கூட்டியே பிறக்கும் குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது, பின்னாளில் புதிய நெஃப்ரான்கள் தோன்றுவதும் இல்லை. குறைந்த எண்ணிக்கையில் உள்ளவை கூடுதல் சுமையை ஏற்பதே, இப்பிள்ளைகள் பெரியவர்களாகும்போது இரத்த அழுத்தம் சராசரியாகப் பாதரச அளவில் சில மில்லிமீட்டர் கூடியிருப்பதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் பற்றிய செய்தியும் அதைப் போன்றதே. வெகு முன்னதாகப் பிறந்த பிள்ளைகளின் உடல், நான்கு முதல் பத்து வயதுக்குள்ளேயே இன்சுலினுக்குச் சரிவர இணங்காமல் இருப்பதை (இதுவே இன்சுலின் தடை) நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். சுவீடனில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, குறைமாதத்தில் பிறந்தோருக்கு இளவயதிலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு கூடியிருந்தது.

இவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வளர்கிறார்கள். பெற்றோரை அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. எனினும், 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டபோது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. இனிப்புநீர் இல்லாத குடும்பத்தைத் தேடவேண்டிய நம் சமூகத்தில், குறைமாதப் பிறப்பு அந்தச் சுமையின் மேல் ஏறும் இன்னொரு சுமை.

வீட்டு உணவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வார்டில் இருக்கும் மாதங்களில் எடை கூடுவது மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாதது. அப்போது தாய்ப்பாலுக்கு ஈடில்லை. ஆனால் அந்தக் கட்டம் கடந்த பின்னும், "பிள்ளை தேறவே இல்லையே" என்று பாட்டிமார் அங்கலாய்ப்பதும், கெட்டிப்பால் ஊற்றிய மிலோவும் பிஸ்கட்டும் வேளைதோறும் நீட்டப்படுவதும் நிற்பதில்லை. அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. உள்ளங்கையளவு குழந்தையைப் பார்த்த அச்சம் எளிதில் போகாது. குழந்தைப் பருவத்தில் உயரத்தை மிஞ்சி வேகமாக எடை கூடுவது பிற்கால இன்சுலின் தடைக்கு வழிவகுக்கலாம் என்பதைக் கிளினிக் தாதியர் தமிழிலேயே பாட்டிமாருக்கும் எடுத்துரைத்தால், அது எங்கள் வாய்ச்சொல்லைவிட எடுபடும்.

ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் பார்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. பிள்ளையின் கைக்குப் பொருந்தும் சிறிய பட்டையும் சில நிமிடங்களும் போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு மூன்று வயது நிறையும் முன்பே இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்கிறது. நாங்கள் கேட்பது அதனினும் குறைவு.

அடுத்த முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது செபராங் பிறையின் சில பள்ளிகளில், எம்மொழிப் பள்ளியாயினும், இதைத் தொடங்கிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். பிரசவப் பதிவின் நகலைப் பெற்றோரே கொண்டுவந்து தர முடியும். அதற்கான அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரும் பணியை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு