எல்லா வாசகரையும் வரவேற்க நூலகர்களுக்குப் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர்.
(பெயரும் முகவரியும் உறையின் மேல் உள்ளன)

பெறுநர்
பொது நூலக இயக்குநர் அவர்கள்,
பொது நூலக இயக்ககம்,
அண்ணா சாலை, சென்னை.

பொருள்: பொது நூலகங்கள் – மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட எல்லா வாசகர்களுக்கும் சேவை செய்வது குறித்துப் பணியாளர்களுக்குச் செய்முறைப் பயிற்சி – வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளுடைய மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. ரயில் கால அட்டவணையும் அட்லஸும் அவனுக்கு உயிர். சந்தோஷமாக இருந்தால் ஒரே சுருதியில் முனகுவான், கைகளை உதறுவான். போன கோடை விடுமுறையில், மகள் குடியிருக்கும் ஊரிலுள்ள கிளை நூலகத்துக்கு அவனை அழைத்துப் போனேன். நல்ல பெரிய அட்லஸ் ஒன்று கிடைத்தது. பத்து நிமிடம் அவன் வேறு உலகத்தில் இருந்தான். அப்புறம் முனக ஆரம்பித்தான். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போய் நூலகரிடம் ஏதோ சொன்னார். நூலகர் வந்து, பேரனின் கையிலிருந்த அட்லஸை வாங்கி மூடினார். "கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க டீச்சர்" என்றார். புத்தகம் போனதும் பிள்ளை தரையில் படுத்துக்கொண்டு அலறினான். தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் என்னை டீச்சர் என்று அழைக்கக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர் அவர். நல்ல பெண், பொறுமைசாலி. அன்று இரவே தொலைபேசியில் கூப்பிட்டார். "தப்பாப் பண்ணிட்டேன்னு தெரியுது டீச்சர். ஆனா என்ன பண்ணியிருக்கணும்னு இப்பவும் தெரியலை" என்றார்.

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் இந்த மனுவை எழுத வைத்தது. பாடமே நடத்தாமல் பரீட்சை வைத்துவிட்டு, மதிப்பெண் குறைந்துவிட்டதே என்று பிள்ளையைத் திட்டுகிற வேலையை 31 ஆண்டுப் பணியில் நான் செய்ததில்லை. ஆகவே நூலகரின் பெயரும் ஊரும் இந்த மனுவில் இருக்காது. விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு குறிப்பாணை போனால் நான் எழுதியதன் நோக்கமே கெட்டுவிடும்.

அவர் என்ன செய்திருக்கலாம் என்று வட்டார வள மையத்தில் பணியாற்றும் சிறப்பாசிரியர் ஒருவரைக் கேட்டேன். மிக எளிமையாகச் சொன்னார். கையிலிருக்கும் பொருளைச் சட்டென்று வாங்கக் கூடாது. இடம் மாற்ற வேண்டுமென்றால் பொருளோடு சேர்த்து மாற்ற வேண்டும். "இன்னும் ஐந்து நிமிடம், அப்புறம் அந்த நாற்காலிக்குப் போகலாம்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முறையிட்ட இளைஞரிடம், "அவனும் உங்களைப் போலப் படிக்கத்தான் வந்திருக்கிறான் தம்பி" என்று ஒரு வார்த்தை. இதைக் கற்றுக்கொள்ளக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் யாராவது சொல்லித்தர வேண்டும் அல்லவா?

அதன் பிறகு எங்கள் ஊர் நூலகத்தையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். பார்வை மாற்றுத்திறனாளி இளைஞர் ஒருவர் நண்பரோடு வருகிறார். உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பணியாளர் அவருடைய கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைக்கிறார். அப்புறம் நண்பரிடம் கேட்கிறார், "இவருக்கு என்ன வேணும்?" அந்த இளைஞர் பட்டதாரி. வாய் இருக்கிறது, காது இருக்கிறது. கேள்வி மட்டும் அவரிடம் வரவில்லை. தோளையோ முழங்கையையோ அவர் பிடித்துக்கொள்ளும்படி நாம் முன்னே நடக்க வேண்டும் என்பது எனக்கே இந்த வயதில்தான் தெரிந்தது.

அதே நூலகத்தில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படித்துக் காட்டும். அதை நிறுவ வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக 2016இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தைப் பற்றிக் கேட்டேன், பெயரே புதிதாக இருந்தது. ஒரு புத்தகத்தின் சில பக்கங்களை ஸ்கேன் செய்து அந்த இளைஞருக்குக் கொடுக்கலாமே என்றால், பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று பயம். உண்மையில், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூலை மாற்றித்தருவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே இடம் கொடுக்கிறது. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் கீழ் வந்த, இதே நோக்கமுள்ள மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். டில்லியும் ஜெனீவாவும் அறிந்த செய்தி எங்கள் ஊர் நூலகத்தின் மேசைக்கு வந்து சேரவில்லை.

திருநங்கை ஒருவர் உறுப்பினராக வந்தபோது, அடையாள அட்டையிலிருந்த பழைய பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வழக்கமாக எல்லோருக்கும் படிப்பது போலத்தான் படித்தார்கள். அவர் அதன் பிறகு வரவில்லை. தினமும் காலையில் நாளிதழுக்காகவும் மின்விசிறிக்காகவும் வந்து, பதினோரு மணிக்கு மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடும் பெரியவர் ஒருவர் உண்டு. அவருக்கு வீடு இருக்கிறதா, சாப்பிட்டாரா என்பதெல்லாம் நூலகரின் வேலையா என்று கேட்கலாம். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இல் இதற்கென்றே ஒரு சமூகப் பணியாளரை நியமித்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருந்தால் போதும்: முதியோர் உதவிக்கு 14567, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416. எந்த நிலையில் எந்த எண்ணைக் கூப்பிடுவது, எப்போது பேசாமல் தூங்கவிடுவது என்று தெரிந்திருந்தால் நூலகருக்கும் நிம்மதி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டது. அதன் 47ஆம் பிரிவு யார் யாருக்கு இது பற்றிய பயிற்சியும் பாடமும் தேவை என்று பட்டியலிடுகிறது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பொறியாளர் எல்லோரும் இருக்கிறார்கள். நூலகர் என்ற சொல் இல்லை, "பிற தொழில்முறையினர்" என்பதில் அடங்கிவிடுகிறார். பெயர் சொல்லி அழைக்காத பிள்ளை கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும். பெயர் சொல்லி அழைக்கும் வேலையைத் தங்கள் இயக்ககம் செய்யலாம்.

என் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. ஒவ்வொரு ரூபாய் சொத்து வரிக்கும் 10 பைசா. 1948ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு, சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென வந்த முதல் மாநிலச் சட்டம் என்று பெருமைப்படுகிறோம். பெருமைதான். என் மருமகனும் அந்த வரியைக் கட்டுகிறார். அவர் மகன் பத்து நிமிடம்தான் உள்ளே இருக்க முடிந்தது.

நான் டெல்டாக்காரி, அதனால் இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீர்காழியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன் அவரும் கணக்கு வாத்தியார்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று அவர் விதி எழுதிய 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பக்கத்து ஊர்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போனது. வாசகர் வர முடியாவிட்டால் நூலகம் போகும் என்று காட்டிய மண்ணில், வந்த வாசகரைத் திருப்பி அனுப்புகிறோம்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன்.

நூலகர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சிகள் நடப்பதை அறிவேன். எனக்குத் தெரிந்த நூலகர்களைக் கேட்டால், நூற்பகுப்பும் பட்டியலாக்கமும் கணினியும்தான் நினைவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இவற்றோடு, வாசகரை எதிர்கொள்வது பற்றி இரண்டு நாள் பயிற்சி ஒன்றை மாவட்ட மைய நூலகங்களில் நடத்த வேண்டுகிறேன். ஒரு தொகுதிக்கு 30 பேருக்கு மேல் வேண்டாம். எப்படி நடத்தக் கூடாது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆசிரியப் பணியில் நான் உட்கார்ந்த பணியிடைப் பயிற்சிகளில் பாதி, குத்துவிளக்கு, வாழ்த்துரை, பவர்பாயின்ட், மதியச் சாப்பாடு, சான்றிதழ் என்று முடிந்தவை. மனத்தில் நின்றவை சாக்பீஸைக் கையில் கொடுத்து, "இப்போது நீங்கள் நடத்துங்கள்" என்றவை மட்டும்தான்.

ஆகவே இந்தப் பயிற்சியில் மேடை வேண்டாம், ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதும். மேசைக்கு இந்தப் பக்கம் நூலகர், அந்தப் பக்கம் வாசகராக வருபவர். அந்த வாசகர் நடிக்க வேண்டியதில்லை: சக்கர நாற்காலியில் வருபவர், காது கேளாதவர், பார்வையில்லாதவர், திருநங்கை, ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் என்று அவரவரே வரட்டும். அவர்களைப் பயிற்றுநர்களாக அழைத்து, மற்ற பயிற்றுநர்களுக்கு இணையான மதிப்பூதியம் கொடுங்கள். இலவசமாகக் கூப்பிட்டு சால்வை போர்த்தி அனுப்ப வேண்டாம். வல்லுநர்களுக்கும் பஞ்சமில்லை. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவில் அனுபவம் உள்ள பணியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கோட்டூர்புரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள்.

பயிற்சி முடிந்த மூன்றாம் மாதம் அரை நாள் மறுபடியும் கூட வேண்டும். எதைச் செய்து பார்த்தோம், எது பலிக்கவில்லை என்று பேசுவதற்கு. வீட்டுப்பாடம் திருத்தாத வகுப்பில் எந்தப் பிள்ளையும் எழுதிவராது.

கலந்துகொள்பவர்களில் நிரந்தர நூலகர்கள் மட்டும் இருந்தால் போதாது. ஊர்ப்புற நூலகர்கள், பகுதி நேரப் பணியாளர்கள், கூட்டிப் பெருக்குபவர்கள், வாயிற்காவலர்கள் எல்லோரும் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரை முதலில் பார்ப்பது காவலர்தான். "இங்க படி இருக்கு, ஏற முடியாதுங்க" என்ற வாக்கியத்தோடு பல பேருடைய நூலக வாழ்க்கை வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பல கிளை நூலகங்களில் ஒரே ஒருவர்தான் திறப்பது, பூட்டுவது, புத்தகம் கொடுப்பது, உறுப்பினர் சேர்ப்பது, புரவலர் தேடுவது எல்லாம். அவர் பயிற்சிக்குப் போனால் நூலகம் பூட்டிக் கிடக்கும். அதற்காக வார விடுமுறை நாளில் பயிற்சி வைத்துவிட வேண்டாம். அப்படி வைத்தே ஆக வேண்டுமானால் ஈடுசெய் விடுப்பு தர வேண்டும். பக்கத்து நூலகப் பணியாளரை மாற்றாக அனுப்பலாம், அல்லது வாசகர் வட்டத்தார் இரண்டு நாள் வாசிப்பறையை மட்டும் பார்த்துக்கொள்ள எழுத்துமூலம் அனுமதிக்கலாம். எங்கள் வட்டம் தயாராக இருக்கிறது.

பயிற்சியில் பணியாளர்களின் பாதுகாப்புக்கும் இடம் இருக்க வேண்டும். எல்லோரையும் வரவேற்பது என்றால் எதையும் பொறுத்துப்போவது என்று பொருள் ஆகிவிடக் கூடாது. இருட்டிய பிறகு தனியாக இருக்கும் பெண் நூலகரிடம் குடித்துவிட்டு வந்து தகராறு செய்கிறவர் இருக்கிறார். அவரிடம் எப்படி மறுப்பது, யாரைக் கூப்பிடுவது, மறுநாள் எங்கே பதிவு செய்வது என்பதும் சொல்லித்தரப்பட வேண்டும். என் மாணவி அந்த இரவு அழுதுகொண்டேதான் பேசினார். அப்படி ஒரு நாளுக்குப் பிறகு பேசுவதற்கு மேலதிகாரி ஒருவரோ மூத்த நூலகர் ஒருவரோ அவருக்கு இருந்திருக்க வேண்டும், பழைய கணக்கு டீச்சரைத் தேட வேண்டிய நிலை வந்திருக்கக் கூடாது.

செலவு பற்றித் தாங்கள் யோசிப்பீர்கள். கருத்தரங்கு, பயிற்சி வகுப்பு போன்றவற்றுக்கு, 1972இல் தொடங்கப்பட்ட கொல்கத்தாவின் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை நிதியுதவி தருகிறது. அதைத் தவிர பெரும்பாலும் ஆட்களின் நேரம்தான் செலவு.

எல்லா மாவட்டங்களிலும் உடனே முடியாது என்பது புரிகிறது. வரும் நவம்பர் 14இல் தொடங்கும் தேசிய நூலக வார விழாவுக்கு முன்னால் இரண்டு மாவட்டங்களில் முதல் தொகுதியை நடத்திப் பார்க்கும்படியும், பயிற்சிப் பாடத்தை வகுக்கும் குழுவில் மாற்றுத்திறனாளி வாசகர்கள் குறைந்தது இருவரைச் சேர்க்கும்படியும், இம்மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் கடிதம் மூலம் தெரிவிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குழு என்னை அழைத்தால் பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம், என் செலவிலேயே வந்துவிடுவேன். பேரனையும் அழைத்து வரலாமா என்று மட்டும் தெரிவியுங்கள். அன்று பாதியில் மூடிய அட்லஸில் அவன் ஒடிசா வரைக்கும்தான் வந்திருந்தான்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நகல்: மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அவர்கள், சென்னை – தகவலுக்காக.